முப்பத்தெட்டாம் பக்கம்

எங்கள் பிரிவில் ஸ்கேல் அக்கா என்றால்தான் அவரைத் தெரியும். நாடாளுமன்றத்தின் சுகாதாரக் குழுவுக்கு வரும் ஆண்டறிக்கைகளைப் படித்து, உறுப்பினர்கள் எதைக் கேட்க வேண்டும் என்று குறிப்பு எழுதிக் கொடுப்பது அவர் வேலை. பதினெட்டு வருடமாக அதே மேசை, அதே மர ஸ்கேல். போன வருட அறிக்கையை இடப்பக்கமும் இந்த வருடத்தை வலப்பக்கமும் விரித்து, குறுக்கே ஸ்கேலை வைத்து, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு வரி வரியாக இறங்குவார். பொருளடக்கத்தில் தொடங்கினால் பின்னட்டையில்தான் நிற்பார். நான் பக்கத்து மேசைச் சுருக்கெழுத்தர். ஸ்கேல் உரசும் சத்தம் நடுவில் நின்றால், யாரோ ஒரு அதிகாரிக்குக் கெட்ட நேரம் என்று எனக்குத் தெரியும்.

அந்தத் திங்கட்கிழமை தொடக்கத்திலேயே நின்றது. மருத்துவமனைக் கருவிகளைப் பராமரிக்கும் வாரியத்தின் அறிக்கை. 'அட்டவணை 14: பழுதாகி நிற்கும் இன்குபேட்டர்கள், பக்கம் 38' என்று பொருளடக்கம் சொல்கிறது. முப்பத்தெட்டைத் திருப்பினால், வாரியத்தின் இயக்குநர் ஒரு புதுக் கட்டடத்துக்கு நாடா வெட்டுகிறார், பக்கம் முழுக்கப் படம். போன வருடம் அதே இடத்தில், குறைமாதக் குழந்தைகளை வைக்கும் அந்தப் பெட்டிகளில் தொண்ணூற்றாறு பழுது என்று ஊர் வாரியாக இருந்தது.

"நான்தான் தப்பாப் பாக்கறேனா, நீ பாரு" என்றார். பார்த்தேன். அட்டவணையை உருவியவர்கள் பொருளடக்கத்தை மறந்துவிட்டார்கள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிட்டுக் காம்பை வெளியே விட்ட கதை.

வேறு வாரியமாக இருந்தால் அக்கா சிரித்திருப்பார். இந்த அறிக்கையைத் தொகுத்தது அவருடைய கொழுந்தன். ஒரே வீடு, ஒரே சாப்பாட்டு மேசை. வேலைக்குச் சேர்ந்து ஒன்றரை வருடம், இன்னும் நிரந்தரமாகவில்லை. அவன் வாரியத்தின் அறிக்கைப் பிரிவுக்கு மாறிய அன்றே அக்கா குழுவின் செயலாளரிடம் சொல்லிவிட்டார். அவரும், "வீட்டுல இதப்பத்தி ஒரு வார்த்தை பேசாத வரைக்கும் நீங்களே பாருங்க. பேசினா அன்னைக்கே கோப்பத் திருப்பிக் குடுத்துடணும்" என்றார். இந்த நிபந்தனையை அக்கா அன்றிரவே வீட்டில் சொல்லி வைத்தார். திருப்பிக் கொடுத்தால் அது ஜன்னலோர மேசைக்குப் போகும். ஜன்னலோரத்துக்காரர் ஆண்டறிக்கையில் படம் மட்டும் பார்ப்பவர்.

குறிப்பில் எழுதினால் கேள்வி வரும். கேள்வி வந்தால் இயக்குநர் கீழே கையைக் காட்டுவார். கீழே இருப்பது கொழுந்தன். வியாழக்கிழமை கூட்டம். நான் மனச்சாட்சியைக் கழற்றி வைத்துவிட்டே சொன்னேன்.

"விட்டுடுங்கக்கா. அட்டவணை இல்லன்னு யாரு அழுதா?"

"அழறதுக்கே தெம்பில்லாத குழந்தைங்களுக்குத்தான் அந்தப் பெட்டி" என்றார்.

அன்று மாலைக்குள் எழுதிவிட்டார். ஏழாவது கேள்வி, இரண்டே வரி. அதன்பின் இரண்டு நாள் மதியச் சாப்பாட்டு டப்பா திறக்காமலே திரும்பிப் போயிற்று. வீட்டில் அவன் எதிரே உட்கார்ந்து சாப்பிடுகிறானாம். இவரால் அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லையாம். "கழுத்தறுத்துட்டு சாப்பாடு போடற மாதிரி இருக்கு" என்றார்.

வியாழக்கிழமை பத்து மணி. நீள மேசையின் ஒரு பக்கம் உறுப்பினர்கள், எதிரே இயக்குநர். அவர் முதுகுக்குப் பின்னால் ஒரு வரிசை நாற்காலி. கோப்புகளை மடியில் வைத்துக்கொண்டு, கேட்டதை எடுத்துக் கொடுக்கிறவர்கள் அங்கே. கொழுந்தன் அதில் நடுவில் இருந்தான். அக்கா சுவரோரம், என் பக்கத்தில். ஆறாவது கேள்வி முடிந்தது.

குழுத் தலைவர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு கேட்டார். "அட்டவணை பதினாலு எங்க?"

இயக்குநர் பக்கங்களைப் புரட்டினார். "இந்த வருஷம் அப்படி ஒரு அட்டவணை தயாரிக்கல ஐயா. போன வருஷப் பொருளடக்கத்த அப்படியே வச்சுட்டாங்க. எழுத்தர் கவனக்குறைவு. நடவடிக்கை எடுக்கறேன்."

பழி ஓரிடம், பாவம் ஓரிடம். அக்காவின் கை என் முழங்கையை இறுக்கியது, நகம் பதிந்தது.

"அந்த எழுத்தர் வந்திருக்காரா?"

கொழுந்தன் எழுந்தான். மடியிலிருந்த கோப்பு நழுவி விழுந்தது, குனிந்து எடுக்கவில்லை.

"பொருளடக்கம் நீங்க அடிச்சதா?"

"ஆமா ஐயா. அட்டவணையும் நான்தான் அடிச்சேன். அட்டவணையை எடுக்கச் சொன்னாங்க, எடுத்தேன். பொருளடக்கத்துல எடுக்கச் சொல்லல."

"யாரு எடுக்கச் சொன்னது?"

அவன் தனக்கு முன்னால் இருந்த வழுக்கைத் தலையைப் பார்த்தான். "எனக்கு முன்னாடி உக்காந்திருக்கறவங்க ஐயா. வாய்வார்த்தையாத்தான் சொன்னாங்க."

இயக்குநர் ஆடு திருடினவர் போல முழித்தார். தலைவர் அவரைப் பார்க்காமலே கேட்டார். "எண்ணிக்கை ஞாபகம் இருக்கா தம்பி?"

"இருநூத்திப் பதினாலு."

தொண்ணூற்றாறு ஒரே வருடத்தில் இருநூற்றுப் பதினான்கு. ஒரு வாரத்தில் ஊர் வாரியாக அட்டவணை வர வேண்டும், ஒவ்வொரு பெட்டியும் சரியாகும் தேதியோடு, என்று தலைவர் உத்தரவிட்டார். வந்தது. கொழுந்தனுக்கு வேலை போகவில்லை. பத்து நாளில் தூரத்துக் கிடங்கு ஒன்றுக்குத் தூக்கிப் போட்டார்கள், நிரந்தரம் ஒரு வருடம் தள்ளிப் போனது. அதெல்லாம் பிறகு.

அன்று கூட்டம் கலைந்ததும் தாழ்வாரத்தில் தண்ணீர்க் குழாயருகே அக்கா அவனைப் பிடித்துக்கொண்டார். கையில் கோப்பும் ஸ்கேலும்.

"பொருளடக்கத்த மறந்து விட்டுட்டியா?"

"மறக்கல அண்ணி. அங்கதான நீங்க ஆரம்பிப்பீங்க."

அக்கா ஸ்கேலாலேயே அவன் தோளில் ஒன்று வைத்தார். "மூணு நாளா செத்துப் பிழைச்சிருக்கேன்டா. உன் பொழப்புல நானே மண்ணப் போட்டுட்டேன்னு. ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

"சொல்லியிருந்தா கோப்பத் திருப்பிக் குடுத்திருப்பீங்க."

அக்கா அழுதார். பதினெட்டு வருடத்தில் நான் பார்த்திராத அழுகை. குழாயில் முகத்தைக் கழுவிக்கொண்டு, முந்தானையால் துடைத்துக்கொண்டு, கோப்பைக் கக்கத்தில் இடுக்கினார்.

"எங்கக்கா கிளம்பிட்டீங்க?" என்றேன்.

"செயலாளர் அறைக்கு. இப்பப் பேசிட்டோம்ல" என்று சொல்லிவிட்டுப் படியேறினார்.