இடோனியாவின் வயதுக்குப் பன்னிரண்டு சாட்சிகள்

1342ஆம் ஆண்டு ஜனவரியில் இடோனியாவுக்குப் பதினாறு வயது. அவளுடைய காப்பாளர் சர் ஃபல்க்கைக் கேட்டால் பதினைந்து என்பார். அந்த ஒரு வயதில் ஒரு கிராமம், ஒரு காடு, அரை மாவு மில், ஒரு கல்யாணம் எல்லாம் சிக்கிக் கிடந்தன.

அரை மில் என்பது வாய் தவறி வந்ததல்ல. கோல்ட்வெல் கிராமத்து ஆற்றங்கரையில் நிற்கும் அந்த மில்லின் ஒரு பாதி மடத்துத் துறவிகளுக்கு, மறு பாதி இடோனியாவின் குடும்பத்துக்கு. சக்கரம் துறவிகள் பாதியில் இருந்தது. ஒழுகும் கூரை இவள் பாதியில் இருந்தது. ஷ்ராப்ஷயர் மாவட்டம் முழுக்க அவளைப் பெரிய வாரிசு என்று பேசிக்கொண்டார்கள். காதில் விழும்போதெல்லாம் அவளுக்குச் சிரிப்புதான் வரும்.

"பொண்ணு பார்க்க வர்றவங்க முதல்ல காட்டைப் பார்ப்பாங்க. அப்புறம் மில்லைப் பார்ப்பாங்க. கடைசியா என் மூக்கைப் பார்ப்பாங்க. மூக்கைப் பார்த்ததும் மறுபடியும் காட்டைப் பார்க்கக் கிளம்பிடுவாங்க" என்று அவளே சொல்வாள். மூக்கு அப்பாவுடையது. சொத்தில் சிக்கலில்லாமல் முழுசாகக் கைக்கு வந்தது அது ஒன்றுதான்.

அவளுக்கு எட்டு வயதாகும்போது அப்பா இறந்தார், அடுத்த வருஷம் அம்மா. அண்ணன் வாரின் அதற்கு முன்பே ஆறு வயதில் காய்ச்சலில் போய்விட்டான். வயது வராத வாரிசின் நிலம் அரசர் கைக்குப் போகும். அரசர் அதைத் தனக்கு வேண்டிய யாருக்காவது கொடுப்பார். இடோனியாவின் நிலம் சர் ஃபல்க்குக்குக் கிடைத்தது, நிலத்தோடு இடோனியாவும் கிடைத்தாள். பதினாறு முடியும்வரை அவளை யாருக்குக் கட்டிக் கொடுப்பது என்று முடிவு செய்யும் உரிமையும் அவரிடம் இருந்தது. அவர் தன் தம்பி மகன் ட்ரோகோவைத் தேர்ந்தெடுத்தார். தவக்காலம் தொடங்குவதற்குள் கல்யாணம் என்று நாளும் குறித்துவிட்டார்.

ட்ரோகோ கெட்டவன் இல்லை. முப்பது வயது, நல்ல பற்கள், கையில் எப்போதும் ஒரு வல்லூறு. பேச வந்த முதல் நாள் இடோனியாவை இரண்டு முறை இசபெல் என்று கூப்பிட்டான். வல்லூறின் பெயரை ஒரு தடவைகூட மாற்றிச் சொல்லவில்லை.

"அவரு மேல தப்பில்ல. அது பறக்குது. நான் என்ன செஞ்சேன்?" என்றாள் அவள், மேபிளியிடம்.

மேபிளி அவள் அம்மாவின் பணிப்பெண், பிரசவத்தில் கூட இருந்தவள். ஐம்பதை நெருங்கிக்கொண்டிருந்தாள். யாரையும் விட்டுவைக்காத வாய்.

"சிரிச்சுக்கிட்டே இரு. தவக்காலத்துக்கு முன்னால உன்னை வல்லூறுக்குப் பக்கத்துல கட்டிப் போடப் போறாங்க" என்றாள் மேபிளி. "நீ பொறந்தது புனித லூசி திருநாளுக்கு முதல் நாள். போன மாசத்தோட பதினாறு முடிஞ்சுபோச்சு. உன் நிலம் உன்னுது. நிரூபிக்கணும், அவ்வளவுதான்."

"நீங்கதான் கூட இருந்தீங்களே அக்கா, நீங்க சொன்னா போதாதா?"

"பொம்பளை சாட்சி செல்லாது கண்ணு. ஆம்பளைங்க பன்னெண்டு பேரு வேணும்."

"பிரசவம் நடந்த அறையில எத்தனை ஆம்பளைங்க இருந்தாங்க?"

"ஒருத்தன் இல்ல."

"அப்ப சரி. ஒண்ணையும் பார்க்காத பன்னெண்டு பேர். நானும் அன்னைக்கு அங்கதான் இருந்தேன். என்னையும் கேட்க மாட்டாங்க."

அப்படித்தான் மனுப் போட்டாள். அரசரின் நில அதிகாரி ஜோஸ்லின், ஜனவரி மூன்றாம் வாரத்தில் கோல்ட்வெல் கோயிலுக்கே வந்து விசாரிப்பதாகச் சொல்லி அனுப்பினார். பிறந்த நாளை எழுதிவைக்கும் பழக்கம் ஊரில் பெரும்பாலும் கிடையாது. சாட்சிக்கு வருபவர் 'எனக்குத் தெரியும்' என்று மட்டும் சொன்னால் அதிகாரி ஏற்கமாட்டார். அன்றைக்குத் தனக்கு என்ன நடந்தது என்று சொல்ல வேண்டும். குதிரையிலிருந்து விழுந்தேன், மாமியாரைப் புதைத்தேன், கால் முறிந்தது என்று எதையாவது சொல்ல வேண்டும். அந்த மாவட்டத்தில் எந்த வாரிசு பிறந்த நாளை விசாரித்தாலும் ஒரு கால் முறிந்திருக்கும்.

பன்னிரண்டு பேரும் ஆவலோடு முன்வந்தார்கள். இடோனியா தன் முகராசி என்று நினைத்துக்கொள்ளவில்லை. ட்ரோகோவின் வல்லூறுக்குத் தொந்தரவாக இருக்கிறதென்று சர் ஃபல்க் இரண்டு வருஷமாக ஊர்ப் பன்றிகளைக் காட்டுக்குள் விடவில்லை. அவர் தொலைய வேண்டும் என்று ஊரே காத்திருந்தது.

விசாரணை நாளில் கோயிலுக்குள் வாயைத் திறந்தால் புகை வந்தது. அதிகாரி ஜோஸ்லின் பீடத்துக்குக் கீழே நாற்காலி போட்டு உட்கார்ந்தார். சர் ஃபல்க் சார்பில் வழக்கறிஞர் ஹேமோ வந்திருந்தார். சுற்று வட்டாரத்தில் வழக்கறிஞர் என்றால் அவர் ஒருவர்தான், முதலில் கூப்பிடுபவருக்கு வாதாடுவார். பெண்கள் தூணுக்குப் பின்னால் நின்றார்கள். வழக்கு தன்னுடையது என்பதால் இடோனியாவுக்கு மட்டும் ஒரு முக்காலி கிடைத்தது. அதில் ஒரு கால் ஆடியது.

முதல் ஆள் ஆஸ்பர்ன், ஊரில் அதிகப் பன்றிகள் வைத்திருப்பவன். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வந்தான்.

"சின்ன எசமானி பொறந்த நாளு நேத்து மாதிரி இருக்கு துரை! இதே கோயில்ல ரெண்டு பீப்பா ஒயின் திறந்தாங்க. நான் கொஞ்சம் குடிச்சேன்…"

"கொஞ்சமா!" என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

"…வெளியே போய் கல்லறைக் கல்லுல தடுக்கி விழுந்தேன். இந்தப் பல்லு போச்சு. பாருங்க." அதிகாரி குனிந்து பார்த்தார். பல் இல்லை, உண்மைதான்.

அடுத்து வந்த ஐந்து பேருக்கும் அதே விருந்து, அதே ஒயின். ஒருவன் தன் வருங்கால மனைவியை அன்றுதான் முதலில் பார்த்தானாம். இன்னொருவன் வைக்கோல் போரில் படுத்துத் தூங்கி, வெயில் சுட்ட பிறகுதான் எழுந்தானாம்.

ஹேமோ மெதுவாக எழுந்தார். "வெயிலா?"

"நல்ல வெயில் துரை. முதுகு தோலே உரிஞ்சுபோச்சு."

"இந்தப் பொண்ணு டிசம்பர்ல பொறந்ததா மனுவுல எழுதியிருக்கு. ஷ்ராப்ஷயர்ல எந்த டிசம்பர்ல ஐயா முதுகு தோல் உரியுது?"

ஹேமோ பூசைப் புத்தகத்தைக் கேட்டு வாங்கினார். ஓரத்தில் பழைய சாமியாரின் கையெழுத்தில் பெரிதாக, சிவப்பு மையில் ஒரு குறிப்பு இருந்தது. ஜூன் மாதம், எசமானுக்கு மகன் வாரின் பிறந்தான், கடவுளுக்கு நன்றி. ஆறு பேரும் உளறியது அண்ணன் பிறந்த விருந்தை.

"பொண்ணைப் பத்தி என்ன எழுதியிருக்கு?" என்றார் அதிகாரி.

ஹேமோ பக்கத்தைப் புரட்டினார். "அடுத்த குறிப்பு பசுமாட்டு இருமலுக்கு மருந்து. பொண்ணைப் பத்தி ஒரு எழுத்து இல்ல. எங்க தரப்புல சொல்றது, இவ பொறந்தது மனுவுல சொன்ன வருஷத்துக்கு அடுத்த வருஷம் டிசம்பர். இப்ப பதினஞ்சு."

அதிகாரி பேனாவை மையில் தோய்த்தார். அவர் எழுதிவிட்டால் முடிந்தது. தவக்காலத்துக்குள் கல்யாணம், அப்புறம் நிலம் அவளுடையது அல்ல, ட்ரோகோவுடையது. இடோனியா ஆடும் முக்காலியிலிருந்து எழுந்தாள்.

"துரை, நான் பேசக்கூடாதுன்னு தெரியும். ஒண்ணே ஒண்ணு."

"சொல்லும்மா."

"நீங்க அவங்ககிட்ட விருந்தைக் கேக்குறீங்க. எனக்கு யாரு துரை விருந்து வச்சா? மாட்டு இருமலுக்குக்கூட ஒரு வரி கிடைச்சிருக்கு. நான் பொறந்தன்னைக்கு என்ன நல்லது நடந்துச்சுன்னு கேட்டா ஒருத்தருக்கும் ஞாபகம் வராது. ஏதாவது கெட்டுப்போச்சான்னு கேட்டுப் பாருங்க. புனித லூசிக்கு முதல் நாள்."

சிலர் சிரித்தார்கள். அதிகாரியும் சிரித்தார், ஆனால் பேனாவைக் கீழே வைத்தார். "கேட்டீங்களா? லூசி திருநாளுக்கு முதல் நாள் இந்த ஊர்ல ஏதாவது கெட்டது நடந்துச்சா?"

ஆஸ்பர்ன் தலையைச் சொறிந்தான். "லூசிக்கு முதல் நாள்னா… பாலம் உடைஞ்ச நாள் துரை."

உடனே எல்லோரும் ஒரே நேரத்தில் பேசத் தொடங்கினார்கள். அன்றைக்குக் காலையில் கோயில் மணி திடீரென்று அடித்தது, பாதியில் நின்றது. மணிக்காரனை யாரோ வெட்டிவிட்டார்கள், எல்லை தாண்டி வெல்ஷ்காரர்கள் கொள்ளைக்கு வந்துவிட்டார்கள் என்று ஊர் முழுக்கப் பன்றி, பானை, பிள்ளைகளோடு ஆற்றைத் தாண்டி ஓடியது. நாற்பது பேரும் அத்தனை பன்றியும் ஒரே நேரத்தில் ஏறியதில் மரப்பாலம் முறிந்தது. ஆஸ்பர்ன் பன்றியைக் கட்டிப் பிடித்தபடி ஐஸ் தண்ணீரில் கிடந்தான். கொள்ளைக்காரர்கள் வரவேயில்லை. மணி ஏன் அடித்தது, ஏன் நின்றது என்று இன்றுவரை யாருக்கும் சரியாகத் தெரியாது.

"ஆமா! அடிச்சுது, நின்னுச்சு! எனக்கும் கேட்டுச்சு!" என்று தூணுக்குப் பின்னாலிருந்து மேபிளி கத்தினாள்.

"பொம்பளைங்க பேசக்கூடாது" என்றார் ஹேமோ.

"நான் பேசல. இருமுறேன்."

அதிகாரி கையைத் தூக்கினார். "பாலம் உடைஞ்சதுக்கும் இந்தப் பொண்ணுக்கும் என்ன சம்பந்தம்?"

வரிசையின் கடைசியில் பன்னிரண்டாவது ஆளாக நின்ற வைமண்ட், தொப்பியைப் பிழிந்துகொண்டிருந்தான். பீப்பாய் செய்கிறவன், முப்பது வருஷமாகக் கோயில் மணி அடிப்பவனும் அவன்தான். அன்று வெட்டுப்படாமல் திரும்பி வந்து, கயிறு சிக்கிக்கொண்டது என்று ஊரிடம் சொன்னவன்.

இடோனியா அவனைப் பார்த்தாள். அவன் அவளைப் பார்க்காமல் அதிகாரியின் காலணியைப் பார்த்தான்.

"கயிறு சிக்கல துரை" என்றான். "புள்ள அழற சத்தம் கேட்டதும் மணி அடின்னு பெரிய எசமான் சொல்லியிருந்தார். மகன்தான்னு அவருக்கு அவ்வளவு நிச்சயம். எசமான் வீடு கோயிலுக்குப் பக்கத்துலதானே, சத்தம் கேட்டுது, அடிச்சேன். கொஞ்ச நேரத்துல குதிரைக்காரன் மூச்சு வாங்க ஏறி வந்தான். 'பொண்ணு, நிறுத்தச் சொன்னார்'னான். நிறுத்தினேன். கீழே எட்டிப் பார்த்தா ஊரே ஓடிக்கிட்டிருக்கு."

"அடப்பாவி!" ஆஸ்பர்ன் பாய்ந்தான். "ரெண்டு வருஷம் கல்லு சுமந்தேன்டா அந்தப் பாலத்துக்கு! பாலம் தங்களுதுன்னு துறவிங்க வழக்குப் போட்டு ஊரையே கட்ட வச்சாங்க. பதினாறு வருஷமா வாயைத் திறக்கலையே நீ!"

"திறந்தா என்ன செஞ்சிருப்ப?"

"இப்ப செய்யப்போறதைத்தான்!"

அதிகாரியின் ஆட்கள் இருவர் ஆஸ்பர்னைப் பிடித்துக்கொண்டார்கள். அதிகாரிக்கு இன்னொரு கேள்வி இருந்தது. "துறவிகளோட வழக்கா? அப்ப தேதி எழுத்துல இருக்குமே. அதை யாரு நடத்தினது?"

பன்னிரண்டு பேரும் ஹேமோவைத் திரும்பிப் பார்த்தார்கள். ஹேமோ பூசைப் புத்தகத்தை மூடினார். பிறகு திறந்தார்.

"நான்தான்" என்றார் கடைசியில். "பாலம் உடைஞ்சது புனித லூசிக்கு முதல் நாள், பழைய ராஜா ஆட்சியின் பத்தொன்பதாம் வருஷம். சத்தியம் பண்ணி நிரூபிச்சேன். அதுல ஜெயிச்சேன்."

அதிகாரி விரல் விட்டு எண்ணினார். "பதினாறு வருஷம், ஒரு மாசம், சில நாள்." பேனா தாளில் ஓடியது.

வெளியே வந்தபோது ஆஸ்பர்ன் வைமண்டைக் கல்லறைகளைச் சுற்றித் துரத்திக்கொண்டிருந்தான். மற்றவர்கள் யாருக்கும் தடுக்க மனமில்லை. மேபிளி இடோனியாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"உங்கப்பாதான் மணியை நிறுத்தினார்னு எனக்குத் தெரியாது கண்ணு. கயிறு சிக்கிக்கிச்சுன்னுதான் நெனச்சேன். நெசமாத்தான்."

இடோனியா மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"அண்ணன் பொறந்தன்னைக்கு ஒரு பல்லுதான் உடைஞ்சுது அக்கா. நான் பொறந்து அரை மணி நேரத்துல ஒரு பாலத்தையே உடைச்சிருக்கேன்."

"அதுக்காக அழறியா, சிரிக்கிறியா?"

"ரெண்டும்தான். மூக்கு பெருசு, இடம் இருக்கு."

தவக்காலத்தின் இரண்டாம் வாரம், நிலத்தை இடோனியாவிடமே ஒப்படைக்கச் சொல்லி அரசரின் ஆணை வந்தது. சர் ஃபல்க் பதினொரு வண்டிகளில் சாமான்களை ஏற்றிக்கொண்டு ஹியர்ஃபோர்டுக்குப் புறப்பட்டுப் போனார்.