முன் வாங்கில் ஓரிடம்

விடத்தல்தீவுக்கு இடமாற்றலாகி வந்த முதல் ஞாயிறு, மூன்று வயது மகளோடு கத்தோலிக்கக் கோவில் பூசைக்குப் போனேன். முன்பிருந்த ஊரின் பங்குக் கோவிலில் இவள் போட்ட சத்தத்துக்காக ஒருவர் எங்களை வெளியே போகச் சொல்லியிருந்தார். அதன்பின் எட்டு மாதம் நான் எந்தக் கோவிலுக்கும் போகவில்லை. அன்றும் ஓடுவதற்கு வசதியாக வாசலோரம்தான் நின்றேன்.

முன் வரிசை வாங்கில் பருத்த அம்மா ஒருவர் உட்கார்ந்திருந்தார். பூசை நடக்கும்போதே திரும்பித் திரும்பி வாசலைப் பார்ப்பது அவர் வழக்கமாம். எங்களைக் கண்டதும், யாரோ பைபிள் வாசகம் வாசித்துக்கொண்டிருக்கையிலேயே எழுந்து வந்துவிட்டார்.

“ஏன் பிள்ளை இஞ்ச நிக்கிறியள்? முன்னுக்கு வாங்கோ.”

“இவள் கத்துவாள், அன்ரி.”

“பின்னுக்கு நிண்டா ஆக்களின்ர முதுகுதான் தெரியும். நானெண்டாலும் கத்துவன்.”

முன் வாங்கில் மகள் வாயே திறக்கவில்லை. பூசை வைத்த சுவாமி பீடத்தில் நற்கருணை உட்கொண்ட அமைதியான நேரம் பார்த்துத்தான் திறந்தாள்.

“அம்மா, சுவாமி எங்களுக்குத் தராமச் சாப்பிடுறார்!”

நான் அவள் வாயைப் பொத்தப் போனேன். அந்த அம்மாவோ அதே சத்தத்தில் பதில் சொன்னார்:

“பொறு குஞ்சு, இப்ப எல்லாருக்கும் குடுப்பார்.”

கோவிலே சிரித்தது. சுவாமியின் தோளும் குலுங்கியது.

மூன்று வருடமாகிறது. ஊரே அன்ரி என்பதால் அவர் பெயர் இன்னும் எனக்குத் தெரியாது. நாங்கள் பிந்தினால் எங்கள் இடத்தில் தன் கைப்பையை வைத்து, “ஆள் வருது” என்று மற்றவர்களை விரட்டுவார். அந்த ஆள் நானா, மகளா என்று கேட்கத்தான் எனக்குத் துணிவில்லை.