கரண்டு வச்ச டீச்சர்

தொண்ணூறுகளின் நடுவில் காரைக்குடிப் பள்ளி ஒன்றில் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு வேதியியல் எடுத்துக்கொண்டிருந்தேன். ஒரு மழைக்காலத்தில் எனக்கு எல்லாவற்றிலும் பிடிப்பு விட்டுப்போயிற்று. சாக்பீஸைக் கையில் எடுத்தால் என்ன எழுத வந்தேன் என்பது மறந்துவிடும். பல் தேய்ப்பதற்கே மலைப்பாக இருக்கும்.

"ஒனக்கு என்னடி கொறை?" என்று அமராவதிபுதூரிலிருந்து வந்த அக்கா கேட்டாள்.

குறை ஒன்றும் இல்லை. அதைத்தான் யாராலும் மன்னிக்க முடியவில்லை. கணவர் திமிர் என்றார், ஜெபக்கூட்டத்துக்குக் கூட்டிப்போனார். நான் சாப்பாட்டையே நிறுத்திய பிறகுதான் மதுரையில் மனநல மருத்துவரிடம் காட்டினார்.

"மூளைல சில ரசாயனம் கொறைஞ்சிருக்கு. மயக்க மருந்து குடுத்துட்டு, தலையில லேசா கரண்டு வச்சா சரியாகும்" என்று மருத்துவர் கணவரிடம் சொன்னார். "வெளிநாட்டுல கரண்டு இல்லாம, காந்தத்த வச்சே மூளையத் தூண்டிப் பாக்குறாங்க. அதுலயும் இந்த ரசாயனமெல்லாம் மாறுதான்னு ஆராய்ச்சி நடக்குது. நம்ம பக்கம் வர நாளாகும்."

"எந்த ரசாயனம், சார்?" என்று கேட்டேன். பல நாளுக்குப் பிறகு நானாகக் கேட்ட ஒரே கேள்வி அது.

அவர் கணவரைப் பார்த்துச் சிரித்தார். "மேடம் இப்ப அதையெல்லாம் யோசிக்க வேணாம்."

கரண்டும் மாத்திரையுமாகச் சிகிச்சை பலித்தது. பசி வந்தது, தூக்கம் வந்தது. பதிலுக்குச் சில மாதங்கள் நினைவிலிருந்து போய்விட்டன. அக்கா மகன் கோயிலில் முதன்முதலாக நற்கருணை வாங்கிய புதுநன்மை விழாப் படத்தில் பட்டுப்புடவையில் நிற்கிறேன். அங்கே போனதே எனக்குத் தெரியாது.

பள்ளிக்கு நான் போகுமுன்பே செய்தி போயிருந்தது. பிள்ளைகள் எனக்கு வைத்த பெயர் "கரண்டு வச்ச டீச்சர்". தலைமையாசிரியையான கன்னியாஸ்திரி, "கொஞ்ச நாளைக்கு ஆறாப்பு எடுங்க டீச்சர்" என்றார். முடியாது என்று சத்தம் போட்டேன். நான் வீடு வந்து சேருமுன் கணவருக்குப் போன் போய்விட்டது.

"இன்னைக்கு மாத்திரை போட்டியா?" என்றார்.

"போட்டேன். போட்டதுனாலதான் கோவம் வருது. முன்ன எனக்கு எதுக்குமே கோவம் வரல."

மறுவாரமே மதுரைக்கு இழுத்துப் போனார். மருத்துவர் முழுவதையும் கேட்டுவிட்டு, "கோவப்பட வேண்டியதுக்குத்தானே கோவப்பட்டிருக்காங்க? நல்லாயிட்டாங்க சார். சந்தோஷப்படுங்க" என்றார்.

திரும்பும்போது பஸ்ஸில் கேட்டேன், "டாக்டர் சொன்னத சிஸ்டர்கிட்ட வந்து சொல்லுவீகளா?"

"எதுக்கு வீண் வம்பு?" என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

மறுநாள் நானே போய்ச் சொன்னேன். சிஸ்டர் என் தோளில் கைவைத்தார், காய்ச்சல்காரப் பிள்ளையைத் தொடுவதுபோல. "நீங்களே சொன்னா எப்புடி டீச்சர்? சார் வந்து சொல்லட்டும்."

சார் வரவில்லை. அந்தப் பள்ளியில் இருந்தவரை ஆறாம் வகுப்புக்குத்தான் பாடம் எடுத்தேன். குரலைக் கொஞ்சம் உயர்த்தினாலும் பக்கத்து வகுப்பு டீச்சர் எட்டிப் பார்ப்பார். மெதுவாகப் பேசக் கற்றுக்கொண்டேன். எனக்கு முழுக்கக் குணமாகிவிட்டதென்று எல்லோரும் சொன்னார்கள்.