மூன்றாவது கேள்வி

எழுத்து எனக்கு நாற்பது வயதுக்கு மேல்தான் வந்தது. வாயோ பிறக்கும்போதே வந்துவிட்டது. அந்த வாயால் நான் தேடிக்கொண்ட பகை கொஞ்சமல்ல. ஆனாலும் வெள்ளைக்காரன் ஆண்ட காலத்தில், எங்கள் மலையில் பல ஊர் சேர்ந்த திண்ணனூர் நாட்டின் கூட்டத்தில் ஒருநாள் அதைத் திறந்ததற்காக மட்டும் இன்றுவரை நான் வருந்தியதில்லை.

என் அக்காவின் முதல் குழந்தை பிறந்த மூன்றாம் நாளே போய்விட்டது. அதற்குப் பிறகு அவள் சோறு தண்ணீரை மறந்தாள். சாமைக் காட்டில் நின்ற இடத்திலேயே நின்று அழுவாள். ஒருமுறை கொட்டும் மழையில் பாறை விளிம்புவரை நடந்து போய்விட்டாள். பேய் என்றார்கள். பூசாரி வந்து வேப்பிலை அடித்தார். அதற்கும் தீரவில்லை என்றதும் நாட்டு வழக்கப்படி தொழுக்கட்டையில் போட்டார்கள். கனத்த பலாமரத் துண்டில் கணுக்கால் நுழையும் அளவுக்கு ஒரு துளை. காலை விட்டு, உருவ முடியாதபடி ஆப்பு அடித்துவிடுவார்கள். ஊருக்கு வெளியே ஒரு காவல் குடிசையில் கட்டையும் அவளுமாகக் கிடந்தாள்.

கட்டையிலிருந்து வெளியே வரவும் ஒரு வழக்கம் இருந்தது. அமாவாசைதோறும் நாட்டுத் தலைவரான கவுண்டரும் இரண்டு பெரியவர்களும் குடிசைக்குப் போய் மூன்று கேள்வி கேட்பார்கள். மூன்றுக்கும் சரியாகச் சொன்னால் புத்தி தெளிந்தது என்று ஆப்பைத் தட்டிவிடுவார்கள். மூன்று அமாவாசையும் தவறிவிட்டால் கீழே சேந்தமங்கலத்துக்கு இறக்கி, போலீஸில் ஒப்படைப்பார்கள். அங்கிருந்து பட்டணத்துப் பைத்தியக்கார ஆஸ்பத்திரிக்கு. எங்கள் மலையிலிருந்து அங்கே போன ஒருவரும் திரும்பி வந்து நான் பார்த்ததில்லை.

முதல் அமாவாசையில் தேறவில்லை என்றார்கள். நானும் நம்பினேன். அப்போது அவளுக்கு என்னையே சரியாக அடையாளம் தெரியவில்லை. ஆனால் இரண்டாம் அமாவாசைக்குள் அவள் வேறு ஆளாகியிருந்தாள். நான் கொண்டுபோன களியைத் தானே கேட்டு வாங்கித் தின்றாள். ஆடு குட்டி போட்டுவிட்டதா என்று விசாரித்தாள். இடையிடையே அழுவாள், அது இருந்தது. அப்படியும் தேறவில்லை என்று சொல்லிவிட்டார்கள். அவள் புருஷன் வீட்டில் அவருக்கு வேறு பெண் பார்க்கவே ஆரம்பித்துவிட்டார்கள். ஆக்கப் பொறுத்தவர்களுக்கு ஆறப் பொறுக்கவில்லை.

அந்த அமாவாசைக்கு மறுநாள் குடிசைக்குப் போனதும் கேட்டேன்.

"அப்படி என்னதான் கேட்டாங்க, அக்கா?"

"எந்த ஊருன்னு கேட்டாங்க, சொன்னேன். காட்டுல என்ன வெள்ளாமைன்னாங்க. சாமைன்னேன்."

"மூணாவது?"

"உன்ற புருஷன் பேர் என்னன்னு கேட்டாங்க. அதை எப்படிப் புள்ள நான் சொல்லுவேன்?"

"அதானே, எப்படிச் சொல்லுவ?" என்றேன். சட்டியைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வீட்டுக்குக் கிளம்பினேன்.

பாதி வழியில்தான் எனக்கு உறைத்தது. அப்படியே பாதையில் உட்கார்ந்துவிட்டேன். எங்கள் ஊரில் எந்தப் பெண் புருஷன் பேரைச் சொல்வாள்? நாக்கை அறுத்தாலும் சொல்லமாட்டாள். சொன்னால் அவர் ஆயுசு குறையும் என்பது தாலி கட்டிய நாளிலிருந்து எங்கள் காதில் ஓதியது. புத்தி தெளிந்ததால்தான் என் அக்கா வாயை மூடிக்கொண்டாள். தெளியாமல் இருந்திருந்தால் சொல்லியிருப்பாள், ஆப்பும் கழன்றிருக்கும்!

அந்தக் கேள்வி எங்கிருந்து வந்தது என்று யோசித்தேன். ஆண்களைக் கட்டையில் போட்டபோது 'உன் பொண்டாட்டி பேர் என்ன' என்று கேட்டிருக்கிறார்கள். ஆண்கள் சொல்லிவிடுவார்கள். முதல்முறையாக ஒரு பெண்ணைப் போட்டதும் பொண்டாட்டிக்குப் பதில் புருஷன் என்று மாற்றிக்கொண்டார்கள். கேட்ட மூன்று பேரும் கெட்டவர்கள் அல்ல. யோசிக்கவில்லை, அவ்வளவுதான். ஆனால் யோசிக்காதவன் போட்ட கட்டையும் காலை அறுக்கத்தான் செய்கிறது. எனக்கு வந்த கோபத்தில் அன்று களி இறங்கவில்லை.

மூன்றாம் அமாவாசைக்கு நான்கு நாள் முன்னால் கோயில் பாறையில் நாட்டுக் கூட்டம் கூடியது. பெண்கள் பாறை ஓரத்துப் பலாமரத்துக்கு அந்தப் பக்கமே நிற்க வேண்டும், பேசக் கூடாது. நான் மரத்தைத் தாண்டி நடந்தேன். ஆண்கள் நடுவில் என் வீட்டுக்காரர் தலையைக் குனிந்துகொண்டது தெரிந்தது.

"ஏம்புள்ள, உனக்கென்ன இங்க வேலை?" என்றார் கவுண்டர்.

"ஒரே ஒரு கேள்விங்க. உங்க ஊட்டு அம்மா அங்கதான் நிக்கறாங்க. உங்க பேர் என்னன்னு அவங்களக் கேளுங்க."

எல்லாத் தலையும் பலாமரத்துப் பக்கம் திரும்பின. கவுண்டரின் மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, "அய்யோ சாமி, அதை எப்படிங்க சொல்றது!" என்று இரண்டடி பின்னால் போனார்.

"அப்படீன்னா அவங்களுக்கும் ஒரு கட்டை போடுங்க," என்றேன்.

முதலில் பெண்கள் பக்கம்தான் சிரிப்பு கிளம்பியது. கவுண்டருக்கு முகம் சிவந்தது. ஆனால் அவர் நியாயஸ்தர். வெற்றிலையைக் கீழே வைத்தார். பிறகு, "சரி, அந்தக் கேள்வியை எடுத்துடறோம்," என்றார்.

அத்தோடு நான் திரும்பியிருக்கலாம். கால் திரும்பவில்லை.

"கேள்வியை எடுத்தாப் பத்தாதுங்க, கட்டையை எடுக்கோணும். காய்ச்சல் வந்தாப் பக்கத்துல உக்காந்து கஞ்சி ஊத்தறோம். மனசு நொந்தாக் கட்டைல போடறோம். அவ கால்ல புழு வெச்சிருக்குங்க. கேள்வி கேக்கப் போனவங்க யாராவது குனிஞ்சு அந்தக் காலைப் பாத்தீங்களா?"

"மறுபடி பாறைப் பக்கம் போயிட்டா யாரு பொறுப்பு?" என்றார் ஒரு பெரியவர். அவர் கேட்டதிலும் நியாயம் இருந்தது.

"நான் பொறுப்பு. அவளுக்கு ஒண்ணு ஆச்சுன்னா அந்தக் கட்டைல என்ற காலைப் போடுங்க."

பொழுது சாயும்வரை பேசினார்கள். கடைசியில் கவுண்டர் எழுந்து சொன்னார்: கூடவே இருந்து பார்த்துக்கொள்ள ரத்த உறவில் ஒருவர் பொறுப்பேற்றால், திண்ணனூர் நாட்டில் இனி யாருக்கும் கட்டை கிடையாது, யாரையும் கீழே இறக்குவதும் கிடையாது. மரத்தைத் தாண்டி வந்த குற்றத்துக்கு நான் ஒரு மாதம் கோயில் வாசல் கூட்ட வேண்டும். சந்தோஷமாகக் கூட்டினேன். என் வீட்டுக்காரர் கூட்டம் முடிந்து வீட்டுக்கு வந்து, "களி இருக்குதா?" என்று மட்டும் கேட்டார். அவருடைய சம்மதம் அப்படித்தான் வரும்.

ஆப்பைத் தட்டியபோது அக்காவால் நிற்க முடியவில்லை. முதுகில் தூக்கிக்கொண்டுதான் என் வீட்டுக்கு வந்தேன். அவள் தேற இரண்டு வெள்ளாமைக் காலம் பிடித்தது. நடுவில் மறுபடி சோறு வெறுத்த நாட்களும் வந்தன. அப்போதெல்லாம் கூடவே படுத்தேன், கூடவே நடந்தேன். காலில் மட்டும் நொண்டல் தங்கிவிட்டது.

விஷயம் மலையின் மற்ற நாடுகளுக்கும் பரவியது. குண்டனி நாட்டிலிருந்து ஒரு பெண் தன் தம்பிக்காக என்னைத் தேடி வந்தாள். அவளோடு போனேன். அங்கே முதல் கூட்டத்தில் என்னை விரட்டினார்கள், இரண்டாம் கூட்டத்தில் உட்காரச் சொன்னார்கள், மூன்றாவதில் ஆப்பைத் தட்டினார்கள். சில வருஷம் போன பின் சேந்தமங்கலம் போலீஸ்காரர்களே, மலையிலிருந்து யாரையாவது இறக்கினால், "பொறுப்பேற்க உறவு யாருமில்லையா?" என்று கேட்டுத் திருப்பி அனுப்ப ஆரம்பித்தார்கள். சர்க்கார் காகிதத்தில் அந்தக் கேள்வி இருந்ததா என்று எனக்குத் தெரியாது. கேட்டார்கள், அது போதும்.

அக்காவின் புருஷன் வேறு கல்யாணம் செய்துகொண்டார். அவள் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. வெகுநாள் கழித்து, நாங்கள் இருவரும் சாமைக் காட்டில் களை எடுத்துக்கொண்டிருந்தபோது, அவள் நிமிர்ந்து நின்று அவர் பேரைச் சொன்னாள். அடுத்த காட்டுக்குக் கேட்கும்படி, தெளிவாக, முழுப் பேரையும் சொன்னாள்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "என்னக்கா இது!"

"கட்டைல கெடந்தப்பல்லாம் இதை வாய்க்குள்ளயே வெச்சிருந்தேன் புள்ள. இனி அந்தாளு எனக்கு யாரு?" என்று சொல்லிவிட்டுக் குனிந்து களையைப் பிடுங்கினாள்.

கட்டையை ஒழித்தவள் என்று மலையெல்லாம் என்னைச் சொன்னார்கள். யாருக்காவது கேட்டிருக்குமோ என்று அன்று சுற்றுமுற்றும் பார்த்தவள் நான்தான். அவள் பார்க்கவில்லை.