மீன்கொத்தி வீட்டில் ஒரு பகல் தூக்கம்

எர்மெலிந்தா மீன்கொத்தி வீட்டுக்குக் காவலுக்கு வந்தபோது அவளுக்கு நாற்பது வயதுகூட ஆகவில்லை. இரண்டாயிரம் வருடத்துக்கு முன் எரிமலைச் சாம்பலில் புதைந்துபோன ஊரில் தோண்டி எடுத்த வீடுகளில் அது நடுத்தரமான ஒன்று. வாசலைத் தாண்டினால் மழைத்தொட்டி வைத்த கூடம், கூடத்தைச் சுற்றி ஜன்னலே இல்லாத படுக்கையறைகள், ஒரு மூலையில் அடுப்பு மேடையோடு சமையலறை, பின்னால் தூண்கள் சூழ்ந்த தோட்டம். தோட்டத்துச் சுவரில் நாணலுக்கு நடுவே ஒரு மீன்கொத்தி வரைந்திருந்தது. அதன் அலகிலிருந்த மீன் என்றோ உதிர்ந்துபோயிருந்தது.

அதற்கு முன் அவள் பக்கத்து ஊரான ஸ்காஃபாத்தியில் தக்காளியை டப்பாவில் அடைக்கும் ஆலையில் வேலை பார்த்தவள். கத்தெல்லோவைப் பார்த்ததும் கட்டிக்கொண்டதும் அங்கேதான். ஆலை ஆட்களைக் குறைக்கத் தொடங்கியதும் அவள் காவலர் தேர்வு எழுதினாள், தேறிவிட்டாள். "செத்தவங்க வீட்டுக்குக் காவலா? நல்ல வேலைதான். வாடகையும் கேக்க மாட்டாங்க, சண்டையும் போட மாட்டாங்க" என்று கத்தெல்லோ சிரித்தான்.

செத்தவர்களால் தொல்லை இல்லை. சுற்றிப் பார்க்க வந்து போகிறவர்களால்தான். சிவப்புச் சுவரில் கை வைப்பார்கள், தூணில் முதுகைச் சாய்ப்பார்கள், மழைத்தொட்டியில் தண்ணீர் பாட்டிலைப் போடுவார்கள். 'தொடாதீங்க, சாயாதீங்க' என்பதை அவள் ஆறேழு மொழிகளில் சொல்லப் பழகியிருந்தாள். அந்த மொழிகளில் அவளுக்கு வேறொன்றும் தெரியாது. சாயங்காலம் காலணியைக் கழற்றினால் கால் இரண்டும் பன் போல வீங்கியிருக்கும்.

கத்தெல்லோவுக்குப் பக்கவாதம் வந்தது அவள் ஓய்வு பெறச் சில வருடங்களே இருந்த நேரத்தில். வலப்பக்கம் விழுந்துவிட்டது. பேச்சு பாதி திரும்பியது. பகலில் பக்கத்து வீட்டுக்காரி எட்டிப் பார்த்துக்கொள்வாள். இரவு முழுக்க எர்மெலிந்தாதான். தண்ணீர் வேண்டும் என்றாலும், புரள வேண்டும் என்றாலும், கழிப்பறைக்குப் போக வேண்டும் என்றாலும், அவன் கட்டிலின் இரும்புச் சட்டத்தில் கரண்டியால் தட்டுவான். அந்தச் சத்தம் அவள் எலும்புக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. பஸ்ஸில் யாராவது சாவிக்கொத்தை ஆட்டினாலும் எழுந்து நின்றுவிடுவாள்.

வடக்கே டூரினில் முடிதிருத்தும் கடை வைத்திருந்த மகள் ஓர்னெல்லா ஞாயிறுதோறும் கூப்பிடுவாள்.

"அப்பா எப்படிம்மா இருக்காரு?"

"இருக்காரு."

"நீ?"

"எனக்கென்ன கேடு? கல்லு மாதிரி இருக்கேன்."

அந்த ஜூலையில் அவளோடு நிற்க வேண்டிய காவலர் விடுப்பில் போயிருந்தார். முழு வீடும் அவள் தலையில். அன்று மதியம் வெயில் தாங்காமல் கூட்டம் குறைந்திருந்தது. தோட்டக்காரர் சபாத்தோ ரோஜாப் பாத்திக்குத் தண்ணீர் பாய்ச்சிவிட்டு, குழாயைச் சுருட்டிக்கொண்டே அவளைப் பார்த்தார்.

"என்ன லிந்தாக்கா, சுவத்துல இருக்கற படத்தவிட நீ வெளுத்துப் போயிருக்க?"

"படத்துக்கு ராத்திரியில யாரும் கரண்டி தட்டறதில்லயே."

"கொஞ்சம் உக்காரேன். பூமி ஒண்ணும் பொரண்டுறாது. நான் அடுத்த வீட்டுல மாதுளைக்குத் தண்ணி விட்டுட்டு வரேன்."

தோட்டத்தின் கோடியில், திராட்சைப் பந்தலுக்கு அடியில், அந்தக் காலத்து வீட்டுக்காரர்கள் சாய்ந்து விருந்துண்ட கல் மேடைகள் மூன்று பக்கமும் இருந்தன. அவற்றில் யாரும் உட்காராமல் பார்த்துக்கொள்வதே அவள் வேலை. ஓரத்தில் ஒரு நிமிடம் உட்கார்ந்தாள். காலணியைக் கழற்றினாள். கல் குளிர்ச்சியாக இருந்தது. கை தலைக்குக் கீழே எப்போது போனது, கால் எப்போது மேலே ஏறியது என்று பின்னால் யார் கேட்டபோதும் அவளால் சொல்ல முடியவில்லை.

விழித்தபோது சபாத்தோ அவள் தோளைத் தொட்டுக்கொண்டிருந்தார். எதிரே ஒரு கூட்டம் சத்தம் போடாமல், கைப்பேசிகளைத் தூக்கிப் பிடித்தபடி நின்றது.

படம் மறுநாளே ஊரைச் சுற்றியது. 'வீட்டுக்காரம்மா திரும்பி வந்துவிட்டாள்' என்று யாரோ அடியில் எழுதியிருந்தார்கள். சிரித்தவர்கள் பாதி, 'எங்கள் வரிப்பணத்தில் தூக்கமா' என்று கொதித்தவர்கள் பாதி. மீன்கடைக்காரன்கூட, "அம்மணிக்கு நெத்திலிய மெத்தையில வச்சுக் கட்டவா?" என்று கேட்டான். அவள் பையை நீட்டினாள்.

கத்தெல்லோ படத்தைக் காட்டச் சொன்னான். கைப்பேசியை இடது கையில் வாங்கி வெகுநேரம் பார்த்தான். பிறகு திருப்பிக் கொடுத்தான்.

அன்றிரவு கரண்டிச் சத்தம் கேட்கவில்லை. விடிந்து அவள் பதறி எழுந்து போய்ப் பார்த்தால், மெத்தை முழுக்க நனைந்து கிடந்தது. அவன் கண் திறந்தபடி கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஏன்யா, கூப்பிட வேண்டியதுதான? ஈரத்துல இப்படியே கெடந்தியா?"

"பரவால்ல." வார்த்தையை ஒவ்வொன்றாக இழுத்தான். "படத்துல... நல்லாத் தூங்குன."

அவள் போர்வையை உருவினாள். அவனை ஒருக்களித்துப் படுக்க வைத்தாள். துடைத்தாள். "இனிமே தட்டு. தட்டலேன்னா நாந்தான் கரண்டியத் தூக்கணும்" என்றாள்.

அலுவலகத்தில் கண்காணிப்பாளர் அம்மாள் கதவைச் சாத்திவிட்டுப் பேசினாள். நல்ல மனுஷிதான். மேலிடத்திலிருந்து அவளுக்கும் நெருக்கடி.

"உடம்பு சரியில்லாம மயங்கிட்டேன்னு சொல்லுங்க. நான் பாத்துக்கறேன்."

"மயக்கம் இல்லீங்க மேடம். தூக்கம்."

"வீட்டுல ஏதாவது சிரமமா?"

கத்தெல்லோவின் நனைந்த மெத்தையை இந்தச் சுத்தமான மேசையின்மேல் கொண்டுவந்து போட அவளுக்கு மனம் வரவில்லை. "எல்லார் வீட்டுலயும் இருக்கறதுதான்" என்றாள்.

ஒரு வாரம் வேலையிலிருந்து நிறுத்தி வைத்தார்கள்.

அந்த வாரத்திலேயே ஓர்னெல்லா பெட்டியோடு வந்து இறங்கினாள். படத்தை அவளுடைய கடையில் ஒரு வாடிக்கையாளர்தான் காட்டினாராம்.

"கல்லு மாதிரி இருக்கேன்னு சொன்னியே, கல்லுமேல படுத்திருக்கேன்னு சொல்லவே இல்லயே."

"வந்ததும் ஆரம்பிச்சுட்டியா? காப்பி குடி மொதல்ல."

"உன் காலப் பாரும்மா. ஏன் எங்கிட்ட சொல்லல?"

"சொன்னா கடையப் பூட்டிட்டு வந்துருவ."

"வந்திருப்பேன்தான்."

"அதான் சொல்லல."

இரண்டு நாள் சண்டை போட்டார்கள். முதியோர் விடுதி என்ற பேச்சை ஓர்னெல்லா எடுத்ததும் கத்தெல்லோ சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான். எர்மெலிந்தா அந்தப் பேச்சை அதோடு நிறுத்தினாள். கடைசியில் வாரத்தில் சில இரவுகள் பார்த்துக்கொள்ள ஓர் உக்ரேன்காரப் பெண்மணியை அமர்த்தினார்கள். முதல் இரவு எர்மெலிந்தா மகளோடு முன்னறையில் படுத்தாள். அடுத்த அறையில் கரண்டி தட்டியது. எழப் போனவளை ஓர்னெல்லா கையைப் பிடித்து இழுத்துப் படுக்க வைத்தாள். மகள் அப்படியே பிடித்துக்கொண்டே தூங்கிப்போனாள்.

வேலைக்குத் திரும்பியபோது அவளை மீன்கொத்தி வீட்டிலிருந்து மாற்றி, ரொட்டிக்கடை இடிபாட்டருகே தெருமுனையில் நிறுத்தியிருந்தார்கள். நிழலே கிடையாது. இலையுதிர்காலத்தில் கண்காணிப்பாளரே அவளைத் தேடி வந்தாள்.

"பேச்செல்லாம் அடங்கிடுச்சு. பழைய வீட்டுக்கே போறீங்களா?"

எர்மெலிந்தா யோசித்தாள். தூண்களுக்கு நடுவே காலையில் விழும் வெளிச்சம் அவளுக்குப் பிடிக்கும். ரோஸ்மேரி வாசனையும். ஆனால் அந்த வீட்டில் அவள் நின்ற வருடங்கள் எல்லாவற்றையும் அந்த ஒரு மதியம் விழுங்கிவிட்டது. இனி அங்கே நின்றால் வருகிறவர்கள் சுவரைப் பார்க்க மாட்டார்கள், அவளைத்தான் பார்ப்பார்கள்.

"வேணாம் மேடம். ஒரு நாற்காலி மட்டும் குடுங்க. வெயிலுக்கு ஒரு குடையும்."

நாற்காலி வந்தது. குடை வரவில்லை. சபாத்தோ தன் பழைய வைக்கோல் தொப்பியைக் கொண்டுவந்து அவள் மடியில் போட்டுவிட்டுப் போனார். அதைத் தலையில் வைத்துக்கொண்டு, ரொட்டிக்கடையின் அரவைக்கல்லின்மேல் ஏறி நின்ற ஒருவரைப் பார்த்து, எந்த மொழிக்காரர் என்று தெரியாமல், "இறங்குங்க" என்று தன் மொழியிலேயே சொன்னாள். அவர் இறங்கிவிட்டார்.