கொலுசைக் கொடுத்து வாங்கிய பொம்மை

சிறுவயதில் நான் ஏங்கிய செல்லுலாயிட் பொம்மை இப்போது எந்தக் கடையிலும் இல்லை. கும்மிடிப்பூண்டிக்குக் குடிவந்த பிறகு, தெரிந்த லாரி டிரைவர் ஒருவர் கல்கத்தாவிலிருந்து ஒன்றைத் தேடிப் பிடித்துக் கொண்டுவந்தார். என் வெள்ளிக் கொலுசை விற்றுத்தான் வாங்கினேன். அத்தனை அழகு! கன்னத்தில் மட்டும் ஒரு பள்ளம்.

சூடு காட்டினால் பள்ளம் எழும்பிவிடும் என்று ஸ்டவ் அருகே பிடித்தேன். செல்லுலாயிட் பஞ்சுபோலப் பற்றிக்கொள்ளும் என்று எனக்குத் தெரியாது. குபீரென்று பற்றிய பொம்மை நழுவி என் புடவைமேல் விழுந்தது. அலறினேன்.

வாசலில் மீன் கூடையை இறக்கிக்கொண்டிருந்த பழவேற்காட்டுக் கன்னியம்மா, மீன்மேல் போட்டிருந்த ஈரச் சாக்கோடு பாய்ந்து வந்து என்னைச் சுற்றி அமுக்கினார். தீ அணைந்தது. என்ன வேகம்! எனக்குக் கொப்புளம்கூட இல்லை.

“இன்னாம்மா, பொம்மைக்கோசரம் உசுரையே உட்டிருப்பியே! இன்னா வெலை குட்த்த?”

சொன்னேன்.

“ஐயே! கொலுசும் போயி, பொடவையும் போச்சா?” என்று சிரித்தவர், என் நடுக்கம் நிற்கும்வரை கூடையைத் தூக்கவில்லை. அவர் மீன் வெயிலில் கிடந்தது.

இப்போதும் பழைய பொம்மைகளைத் தேடத்தான் செய்கிறேன். ஆனால் விலை கேட்பதற்கு முன், “இதைச் செய்வதை ஏன் நிறுத்தினார்கள்?” என்று கேட்டுவிடுகிறேன்.