ஆ ஹொக் பட்டறையில் கரையேறிய பிரியாணி லாரி

குனோங் ராபாட்டில் ஒரு சீனர் வீட்டு ஹாலுக்குள் பிரியாணி லாரி ஒன்று புகுந்து, மறுபக்கம் வெளியேறிப் போனதாம். வீட்டுக்காரர் சோபாவை விட்டு எழுந்திருக்கவே இல்லையாம். காலை மட்டும் தூக்கி வழிவிட்டாராம். ஈப்போவில் கிளம்பிய இந்தச் செய்தி தைப்பிங் போய்ச் சேர்வதற்குள் லாரிக்குப் பின்னால் நாற்பது கார்கள் சேர்ந்துகொண்டன. பாகான் செராய் போனபோது ஒரு கப்பலும் கூடச் சேர்ந்துவிட்டது. சுற்றிலும் வயல் இருக்கும் ஊரில் கப்பலுக்குக் கொஞ்சம் மரியாதை அதிகம்.

விசாரித்ததில், அது ஹால் இல்லை, கார் பட்டறை. சோபா உண்மை, பழைய வேனிலிருந்து கழற்றிய பின்சீட். லாரியும் உண்மை, பிரியாணியும் உண்மை. கப்பல் மட்டும்தான் எங்கே இருந்தது என்று பிடிபடவில்லை. கடைசியில் அது ஐயாவு என்பவரின் தலைக்குள் இருந்தது தெரிய வந்தது.

ஐயாவு பள்ளி வேன் ஓட்டுகிறவர். அறுபதைத் தாண்டியவர். பாகான் செராய் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பிறந்தார். சிறு வயதில் தைப்பூசத்துக்குத் தோட்டத்து லாரியில் பினாங்கு போனபோதுதான் முதன்முதலில், வண்டிகளையும் ஏற்றிக்கொண்டு கடல் கடக்கும் ஃபெரியில் ஏறினார். மற்ற பிள்ளைகள் கடலைப் பார்த்தார்கள். ஐயாவு பின்னால் திரும்பிப் பார்த்தார். அவர்கள் லாரிக்கு அடுத்து, மூக்கு இடிக்கிற மாதிரி, தோட்டத்துத் துரையின் கார் நின்றிருந்தது. அக்கரை வந்ததும் துரை ஹார்ன் அடித்தார். ஃபெரிச் சிப்பந்தி காது கேட்காதவன் போல லாரியைத்தான் முதலில் கையாட்டி இறக்கினான். முதலில் ஏறியது முதலில் இறங்கும். அவ்வளவுதான் சட்டம். துரையே காத்துக்கொண்டிருந்த அந்தச் சில நிமிடங்களுக்காக ஐயாவு இன்றுவரை ஃபெரிக்கு நன்றி சொல்லிக்கொண்டிருக்கிறார்.

இன்னொரு நன்றியும் உண்டு. மனைவி மாரியம்மாவை அவர் சந்தித்ததும் ஃபெரியில்தான். நல்ல மழை, ஃபெரி ஊர்ந்துதான் போயிற்று. அதனால் பேச நேரம் கிடைத்தது, மழைக்கும் நன்றி என்பார். மாரியம்மாவின் வாக்குமூலம் வேறு.

"இறங்கி ஓடவும் வழியில்ல, நீந்தவும் தெரியாது. அப்படி ஒரு எடத்துல வந்து பேச்சுக் குடுத்தா நான் என்னாதான் செய்றது?"

அவர்கள் குடியிருக்கும் தெரு ஒரு முட்டுச்சந்து. இரண்டு பக்கமும் வரிசை வீடுகள். கோடியில் ஆ ஹொக் என்பவருடைய கார் பட்டறையின் பின்புற இரும்புக் கேட். அதற்கு மேலே சுண்ணாம்பு மலை. பட்டறையின் முன்வாசல் அந்தப் பக்கத்து மெயின் ரோட்டில் இருக்கிறது. இந்தச் சந்தின் விசித்திரங்களுக்கு ஐயாவுதான் அதிகாரபூர்வமற்ற காப்பாளர். நான்காம் எண் வீட்டுக்கு ஏன் மூன்று-ஏ என்று பெயர், எந்த வீட்டில் பெருநாள் விளக்கைப் போன வருஷத்திலிருந்து கழற்றவில்லை, எந்தச் சேவல் விடியலுக்குக் கூவாமல் குப்பை லாரிக்குக் கூவுகிறது, எல்லாம் அவருக்கு அத்துப்படி. தெருவின் வாட்சாப் குழுவில் தினமும் காலையில் ஒரு பழைய ஃபெரியின் படமும், அதன் கீழே ஒரு தெருச் செய்தியும் போடுவார். குழுவுக்கு 'ராபாட் ஃபெரி முனையம்' என்று பெயரே மாற்றினார். மற்றவர்கள் திருப்பி மாற்றினார்கள். அவர் மறுபடி மாற்றினார்.

பழைய ஃபெரிகள் ஓய்வு பெற்றன. இப்போது ஓடும் புதிய ஃபெரிகளில் ஆளும் மோட்டார் சைக்கிளும் ஏறலாம், கார் ஏற முடியாது. கார் ஏற்றுவதை நிறுத்தப் போகிறார்கள் என்று கேள்விப்பட்ட வாரம் ஐயாவு காலி வேனை எடுத்துக்கொண்டு பட்டர்வொர்த் போய், ஒரு தடவை ஏறிவிட்டு வந்தார். யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. அன்றைக்கு மட்டும் குழுவில் படம் வரவில்லை. இந்தத் தகவலை வாசகர்கள் ஓரமாக வைத்துக்கொள்ள வேண்டும், பின்னால் தேவைப்படும்.

ஆ ஹொக்குக்கும் அவருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. முன்பெல்லாம் பட்டறையின் பின் கேட் திறந்தே இருக்கும்; தெருவே அதன் வழியாக மெயின் ரோட்டுக்குக் குறுக்கே நடந்து போய் வரும். கேட்டின் முன்னால் யாரும் வண்டி நிறுத்தாதபடி ஆ ஹொக் பூச்சட்டிகளை வரிசையாக வைத்திருந்தார். தளத்தில் தடை இருக்கக் கூடாது என்பது ஃபெரி ஒழுங்கு என்று சொல்லி ஐயாவு ஒருநாள் அவற்றை நகர்த்தினார். ஒன்று உடைந்தது. மறுநாள் மற்ற சட்டிகள் உள்ளே போயின, கேட்டில் பூட்டு தொங்கியது. அன்றிலிருந்து தெருவே ஊரைச் சுற்றிக்கொண்டு மெயின் ரோட்டுக்குப் போகிறது. தெரு ஐயாவுவை ஒன்றும் சொல்லவில்லை. சுற்றிப் போகும்போது அவர் வீட்டு முன்னால் மட்டும் கொஞ்சம் மெதுவாகப் போனது.

இந்த நிலையில்தான் முகமது இப்ராஹிம் வீட்டுக் கல்யாணம் வந்தது. இப்ராஹிம் டவுனில் சாப்பாட்டுக் கடை வைத்திருப்பவர். ஐயாவுவுக்கு இரண்டு வீடு தள்ளி இருக்கிறார். மகள் நூருல் ஹுதா ஐயாவுவின் வேனில் ஏறிப் படித்து வளர்ந்த பிள்ளை. அவள்தான் வந்து கேட்டாள்.

"அங்கிள், கார் எல்லாம் நீங்கதான் பாத்துக்கணும். வேற யாருகிட்டயும் வாப்பா சொல்லக் கூடாதுன்னுட்டேன்."

வாழ்நாள் முழுக்க அவருடைய ஃபெரிக் கதைக்குக் கொட்டாவி விட்டவர்கள்தான் உண்டு. ஒரு தளத்தையே கையில் கொடுத்தவர் யாரும் இல்லை. ஐயாவு அன்றைக்கே ஒரு விசில் வாங்கினார்.

நிக்காஹ் முந்தின நாளே முடிந்துவிட்டது. விருந்து மறுநாள் நண்பகல், டவுன் மண்டபத்தில். மகள் கல்யாணப் பிரியாணியை வேறு ஆள் கையில் விடமாட்டேன் என்று இப்ராஹிம் வீட்டு ஓரத்திலேயே விறகு அடுப்பு மூட்டி, விடியுமுன்பே தம் போட்டு, பெரிய பெரிய தேக்சாக்களை லாரியில் ஏற்றிவிட்டார். லாரி பதினொரு மணிக்குப் புறப்பட வேண்டும். வெளியூர் உறவுக்காரர்கள் பசியாறிவிட்டுப் பின்னாலேயே போவார்கள்.

லாரி ஓட்டும் தர்மா சந்தின் வாயில் நிறுத்தப் பார்த்தான். விசில் ஊதியது.

"உள்ள கொண்டு போ. கோடிக்கு."

"அண்ணே, நாந்தானே முதல்ல போவணும்?"

"அதனாலதான் சொல்றேன். முதல்ல இறங்குற வண்டி முதல்ல ஏறணும். ஃபெரியில ஏறினதில்லையா நீ?"

தர்மா ஏறியதில்லை. ஆகவே எதிர்த்துப் பேசத் தெரியாமல் லாரியைக் கோடிக்குக் கொண்டுபோய், ஆ ஹொக்கின் பூட்டிய கேட்டுக்கு மூக்கை முட்டினாற்போல் நிறுத்தினான். பிறகு வந்த கார்களை ஐயாவு இரண்டு வரிசையாக, பம்பரோடு பம்பர் உரசாத குறையாக அடுக்கினார். கை பிரேக்கைப் போடச் சொன்னார். பினாங்கிலிருந்து வந்த ஒரு பெரியவர், பழைய ஞாபகத்தில் கண்ணாடியை ஏற்றிவிட்டுக் காருக்குள்ளேயே உட்கார்ந்துகொண்டார். ஐயாவுவுக்குக் கண் கலங்கியது. சந்தின் வாய்வரை தளம் நிரம்பியது. இவ்வளவு அழகாக அந்தத் தெருவில் வண்டி நின்றதே இல்லை என்று எல்லாரும் சொன்னார்கள். அதில் பொய் இல்லை.

மாரியம்மா வாசலில் நின்று முழுவதையும் பார்த்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்.

"ஏங்க, உங்க கப்பலுக்கு அக்கரை எங்க இருக்கு?"

ஐயாவு திரும்பிப் பார்த்தார். பூட்டிய கேட் இருந்தது. அதற்கு மேலே மலை இருந்தது.

"தினமும் வேன்ல கடைசியா இறங்குற புள்ளயத்தானே உள்ள உக்கார வெப்பீங்க? ஒத்தக் கதவு வண்டிக்கு அதானே வழி? இன்னிக்கு என்னாச்சு?"

விசில் வாயிலேயே இருந்தது. மூச்சு விட்டபோது அதுவாக ஒரு சின்னச் சத்தம் போட்டது.

காரையெல்லாம் ஒவ்வொன்றாகப் பின்னால் எடுக்கலாம் என்றால், பாதிப் பேர் சாவியோடு மலைக்குகைத் தோட்டத்தில் படம் எடுத்துக்கொள்ளப் போயிருந்தார்கள். தேக்சாக்களைத் தூக்கிக்கொண்டு போகலாம் என்றால், கொதிக்கிற பாத்திரத்தோடு நுழைய அந்தக் கார்களுக்கு நடுவே இடம் இல்லை. அடுக்கியவர் அப்படி அடுக்கியிருந்தார். மண்டபத்தில் விருந்தாளிகள் வரத் தொடங்கிவிட்டதாகப் போன் வந்தது.

இப்ராஹிம் வந்து பார்த்தார். திட்டவில்லை. "பரவால்ல அண்ணே, ஏதாச்சும் வழி பண்ணுவோம்" என்றார். திட்டியிருந்தால் ஐயாவு அங்கேயே நின்றிருப்பார். அந்தப் 'பரவாயில்லை'தான் அவரைக் கேட்டை நோக்கி நடக்க வைத்தது.

இரும்புக் கேட்டைத் தட்டினார். உள்ளே ஸ்பானர் சத்தம் நின்றது. கேட் இடுக்கில் ஒரு கண் தெரிந்தது. ஆ ஹொக்கின் அப்பா சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத்தின் ஓரத்தில் மளிகைக் கடை வைத்திருந்தவர். ஆகையால் ஆ ஹொக்குக்குத் தோட்டத்துத் தமிழ் தண்ணீர் பட்ட பாடு. அதிலும் வசவுப் பகுதி இன்னும் சுத்தமாக வரும். அன்றைக்கு வசவு இல்லை. சிரிப்புத்தான்.

"காலையில இருந்து பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன் மச்சான். ஃபெரிக்கு ரெண்டு வாய் லா. உன் ரோட்டுக்கு ஒரு வாய்தான். இதுகூடத் தெரியாம விசில் ஊதுற."

"காலையிலயே சொல்லியிருக்கலாமே தவ்கே?" சீன முதலாளிகள் எல்லாருமே ஊரில் தவ்கேதான்.

"நீதான் என்கிட்ட பேச மாட்டியே."

ஐயாவு கேட்டில் நெற்றியை வைத்தார்.

"பூச்சட்டி உடைஞ்சது என் தப்புத்தான். கேட்டத் தொறந்து விடுங்க தவ்கே. எனக்காக இல்ல, அந்தப் புள்ளைக்காக."

"பூச்சட்டி போவுது. எனக்கு ஒண்ணு வேணும்." ஆ ஹொக் குரலைத் தாழ்த்தினார். "இத்தன வருஷமா ஃபெரி ஃபெரின்னு கத்துற. நான் ஒரு தடவகூட ஏறினதில்ல தெரியுமா? பினாங்கு போனா பாலம்தான். அவசரம், எப்பவும் அவசரம். என் டட்சன் கார்லயே ஏறிப் போவணும். இறங்க மாட்டேன். கண்ணாடிய எறக்கி விட்டுட்டு, கையத் தொங்கப் போட்டு, காத்து வாங்கணும். கூட்டிக்கிட்டுப் போவியா?"

ஓரமாக வைத்த தகவலை இப்போது எடுத்துக்கொள்ளலாம். பினாங்குக்குக் கார் ஏற்றும் ஃபெரி இனி இல்லை என்பது மலேசியாவில் யாருக்கும் தெரிவதற்கு முன்பே தெரிந்த மனிதர் ஐயாவு. ஆ ஹொக்குக்குத் தெரியாது. பாலத்தில் போகிறவர்கள் கீழே பார்ப்பதில்லை. லாரியின் தார்ப்பாய்க்குள்ளிருந்து தம் பிரியாணியின் மணம் வந்துகொண்டிருந்தது.

"கூட்டிக்கிட்டுப் போறேன் தவ்கே" என்றார் ஐயாவு.

பூட்டு துருப்பிடித்துக் கெட்டிப்பட்டிருந்தது. ஆ ஹொக் அறுக்கும் மெஷினைக் கொண்டுவந்தார், பொறி பறந்தது. பட்டறை நடுவில் வாடிக்கையாளர் கார் ஒன்று நின்றது; கல்யாணச் சட்டைக்காரர்கள் அதை வெளியே தள்ளினார்கள். ஆ ஹொக் மெயின் ரோட்டில் இறங்கி இரண்டு கையையும் விரித்து நின்றார். பஸ்ஸே நின்றது. வேன் சீட்டு சோபாவை ஓரம் கட்ட ஆள் இல்லாததால், அதில் உட்கார்ந்திருந்த ஒரு வாடிக்கையாளர் காலைத் தூக்கிக்கொண்டார். வதந்தி பிறந்தது அந்தக் காலில்தான்.

கேட்டுக்கு முன்னால் சாக்கடை மேல் ஒரு இரும்புத் தகடு கிடக்கும். இத்தனை வருஷமாக அதன் மேல் வண்டி ஏறியதில்லை. தர்மா லாரியை நகர்த்தினான். முன் சக்கரம் தகட்டில் ஏறியது. டடக், டங். பின் சக்கரம் ஏறியது. டடக், டங். ஃபெரியிலிருந்து கரைக்கு வண்டி இறங்கும்போது வருகிற அதே சத்தம்.

ஐயாவு விசிலை எடுத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். லாரிக்குப் பின்னால், சாவிக்காரர்கள் வந்து சேரச் சேர, கார்கள் ஒவ்வொன்றாக, ஏறிய வரிசையிலேயே இறங்கின. பினாங்குப் பெரியவர் கண்ணாடியை இறக்கி, "டிக்கெட் வாங்கவே இல்லியே தம்பி" என்றார்.

"திரும்பி வர்றதுக்கு எப்பவுமே காசு கிடையாதே ஐயா" என்றார் ஐயாவு. பழைய ஃபெரியில் போகும்போது மட்டும்தான் டிக்கெட், வழக்கம் அதுதான்.

சாயங்காலம் நூருல் ஹுதாவின் குரல் பதிவு வாட்சாப்பில் வந்தது. "அங்கிள், சாப்பாடு சுடச் சுட வந்துச்சு. எல்லாரும் கேட்டாங்க, என்னா ரூட்ல வந்துச்சுன்னு. எங்க ஐயாவு அங்கிள் ஃபெரியிலன்னு சொன்னேன்." ஐயாவு அதைத் திரும்பத் திரும்பக் கேட்டார். மாரியம்மா போனைப் பிடுங்கி சார்ஜில் போட்டாள். பிறகு அவளும் ஒரு தடவை கேட்டாள். இப்ராஹிம் ஒரு சட்டி பிரியாணியை ஐயாவு வீட்டுக்கும் ஒரு சட்டியைப் பட்டறைக்கும் கொடுத்துவிட்டார். இப்போது குழுவின் பெயரை யாரும் திருப்பி மாற்றுவதில்லை.

ஃபெரியில் கார் ஏறாது என்பது ஆ ஹொக்குக்குச் சில வாரத்தில் தெரிந்துவிட்டது. தெருவே நடுங்கியது, கேட் மறுபடி மூடப்படும் என்று எல்லாரும் எதிர்பார்த்தார்கள். ஆ ஹொக் மூடவில்லை.

"மூடினா இவன் சுத்திக்கிட்டுப் போயிடுவான். தொறந்து வெச்சாத்தான் தினமும் என் முன்னால போவான். நானும் தினமும் கேக்கலாம்."

கேட்கிறார். காலையில் வேன் இரும்புத் தகட்டில் டடக்கென்று ஏறும்போது, காரின் அடியில் படுத்தபடியே குரல் கொடுக்கிறார்.

"கப்பல்காரா, எப்ப?"

"பாக்கலாம் தவ்கே."

மோட்டார் சைக்கிளில் பின்னால் உட்காருங்கள், புது ஃபெரியில் போகலாம் என்று ஐயாவு சொல்லிப் பார்த்தார். டட்சன் இல்லாமல் வர மாட்டேன் என்று அவர் சொல்லிவிட்டார். கார் ஏற்றும் ஃபெரி இன்னும் எங்கே ஓடுகிறது என்று ஐயாவு ஊர் ஊராக விசாரித்துக்கொண்டிருக்கிறார். கிடைத்துவிடக் கூடாது என்று தெருவில் சிலர் வேண்டிக்கொள்வதாகக் கேள்வி. கடன் தீர்ந்தால் கேட் என்ன ஆகுமோ என்ற பயம். ஐயாவு மட்டும் அப்படி வேண்டுவதில்லை.

டட்சனை ஆ ஹொக் கழுவித் துடைத்து, பட்டறையின் முன்வாசலில், ரோட்டைப் பார்த்தபடி, முதல் ஆளாக நிறுத்தி வைத்திருக்கிறார். கை பிரேக் போட்டிருக்கிறது.